காணாத கல்லும் நகர்ந்த கல்லும்

மலையேறுவதற்கு எங்கள் ஊரில் ஏற்றுக்கொள்ளப்பட்ட காரணங்கள் சில உண்டு. விறகு பொறுக்க ஏறலாம். கித்துள் சீவ ஏறலாம். அவிழ்த்துக்கொண்டு ஓடிய மாட்டைத் தேடி ஏறலாம். பாடசாலை விடுமுறையில் ஒரு குடையும் பழைய தேசப்படமும் எடுத்துக்கொண்டு, உச்சியில் இருக்கும் ஒரு கல்லைப் பார்ப்பதற்காக மட்டும் ஏறுகிறேன் என்றால் யாரும் நம்புவதில்லை. "என்ன சேர், புதையலா?" என்று கலகெதரத் தேநீர்க்கடையில் ஒருவர் கேட்டார். இல்லை என்றேன். இருந்தால் சொல்லவா போகிறார் என்பதுபோல் சிரித்தார்கள்.

அந்தச் சந்தேகத்தை நான் குறை சொல்லமாட்டேன். பாறையில் ஏதேனும் குறி செதுக்கியிருந்தால் அதன் அடியில் பொன் இருக்கிறது என்று நம்பி இரவோடு இரவாகத் தோண்டுகிறவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணுக்கு நில அளவையாளர் செதுக்கிய முக்கோணமும் அரசன் விட்டுப்போன அடையாளம்தான்.

நான் தேடிப்போவது அந்த முக்கோணங்களை. ஒரு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கிய பழைய தேசப்படம் 72 தாள்களில் இந்தத் தீவை அடக்கியது. அதில் சில மலையுச்சிகளின் மேல் சிறிய முக்கோணமும் பக்கத்தில் அடிக்கணக்கில் உயரமும் குறித்திருக்கும். அந்த முக்கோணம் ஒவ்வொன்றுக்கும் தரையில் ஒரு கல்லோ, பாறையில் குடைந்த ஒரு துளையோ, சீமெந்துத் தூணோ உண்டு. அளவையாளர்கள் அதன்மேல் கருவியை நிறுத்தி, தொலைவில் தெரியும் இதே மாதிரியான வேறு உச்சிகளைப் பார்த்துக் கோணம் எடுத்தார்கள். இன்று பெரும்பாலும் அவற்றைத் தேடி யாரும் வருவதில்லை. மானாப் புல்லும் பாசியும் மூடிக் கிடக்கின்றன.

இப்படி அலைவதில் நான் தனியாள் அல்ல. பிரித்தானியாவில் 1936 முதல் ஆறாயிரத்துக்கும் அதிகமான சீமெந்துத் தூண்களைக் குன்றுகளில் நாட்டினார்கள். அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டு வருவதை ஆயுள்காலப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு, செய்மதி வழிகாட்டலில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை நீக்கியது. அடுத்த நாளே ஒரேகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியில் சில பொருள்களை இட்டுக் காட்டோரத்தில் மறைத்துவைத்து அதன் ஆள்கூறுகளை உலகுக்கு அறிவித்தார். ஜியோகேச்சிங் என்ற தேடல் விளையாட்டு அப்படிப் பிறந்தது. அதற்கு நடுவர் கிடையாது. கண்டவர் குறிப்பேட்டில் கண்டேன் என்று எழுதவேண்டும், காணாதவர் காணவில்லை என்று எழுதவேண்டும். எழுதுகிறவரின் சொல் ஒன்றே சாட்சி. இந்தக் கட்டுரையின் கேள்வி அங்கேதான் இருக்கிறது. அதற்கு வருமுன் இந்தக் கற்களின் வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நான் கணிதம் படிப்பிக்கிறவன். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களையும் கணக்கிடலாம் என்பதைக் கரும்பலகையில் வருடா வருடம் எழுதுகிறேன். முக்கோண அளவை என்பது இந்த ஒரு வரிதான். சமதரையில் ஒரேயொரு கோட்டை மிகக் கவனமாகச் சங்கிலி போட்டு அளக்கிறார்கள். பிறகு நாடு முழுவதும் கோணம் மட்டும்தான். இலங்கையில் அத்தகைய அடிக்கோடுகள் இரண்டு அளக்கப்பட்டன, ஒன்று நீர்கொழும்புப் பக்கம், மற்றது மட்டக்களப்புப் பக்கம். நீர்கொழும்புக் கோட்டோடு சேர்ந்த கந்தவல என்ற இடத்தின் பெயரே நம் பழைய தேசப்படங்களின் ஆள்கூற்று முறைக்குப் பெயராயிற்று. கட்டங்களுக்கு மையம் பீதுருதாலகால உச்சி. கிழக்கே ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடம் படித்தபோது எங்கள் மலைகளின் தூரங்களைத் தாங்கும் கோடுகளில் ஒன்று அந்தக் கரையோரத்தில்தான் கிடக்கிறது என்று எனக்குத் தெரியாது.

இந்தியாவில் இந்த வேலை 1802இல் சென்னைக்கு அருகே பரங்கிமலையில் வில்லியம் லாம்டன் அளந்த அடிக்கோட்டோடு தொடங்கிற்று. அரைத் தொன் எடையுள்ள அவருடைய தியோடலைட்டை 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதியது. வட்டத்தின் விளிம்பு நெளிந்துபோயிற்று. லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்து ஆறு வாரம் இருந்து, நெளிவை மெல்ல மெல்ல நேராக்கிய பிறகுதான் மறுபடி அளக்கப் போனார். பின்னாளில் அந்த நிறுவனத்தின் கருவிகளைச் சீர்செய்து காத்தவர் ஆர்க்காட்டைச் சேர்ந்த சையத் மீர் முஹ்ஸின் ஹுஸைன். அவருடைய கைத்திறனை எவரெஸ்ட் வியந்து பரிந்துரைத்து, கணிதக் கருவியாளர் பதவி அவருக்குக் கிடைத்தது. எவரெஸ்டின் பெயரை ஒரு மலை தாங்கி நிற்கிறது. முஹ்ஸினின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னும் பின்னால் போனால் அல்பிரூனி. இன்று பாகிஸ்தானின் பஞ்சாபில் இருக்கும் நந்தனா கோட்டை மலையில் நின்று, முதலில் மலையின் உயரத்தைக் கணக்கிட்டு, பிறகு உச்சியிலிருந்து அடிவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று அளந்து, பூமியின் ஆரையை அவர் கண்டார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய செயல். ஊர்களின் ஆள்கூறுகளைத் தீர்மானிப்பது பற்றி அவர் எழுதிய நூலின் நோக்கங்களில் ஒன்று கஸ்னா நகரின் கிப்லாவைச் சரியாகக் காண்பது. கண்டிப் பகுதியிலிருந்து கிப்லா மேற்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை வடக்கே. இங்கே ஒரு பாகை பிழைத்தால் மக்காவின் தூரத்தில் அது எழுபது கிலோமீற்றருக்கு மேல் விலகிவிடும். நான் மாணவரைக் கொண்டு இந்தக் கணக்கைச் செய்விப்பதுண்டு. காலடியில் தெரியாத பிழை தூரத்தில் எத்தனை பெரிதாகிறது என்பதை அவர்கள் வாய்பிளந்து பார்ப்பார்கள்.

ஆனால் அளவு என்பது எப்போதும் கிப்லா தேடுவதற்கு வருவதில்லை. எங்கள் ஊர் ஒரு கணவாய். கண்டி அரசர்கள் பாதைகளை அகலமாக விடவில்லை. கடவத்தைகளில் முட்கதவு போட்டுக் காவல் வைத்தார்கள். காடும் ஒற்றையடிப் பாதையும்தான் அவர்களின் கோட்டை. தவளம் மாடுகளை ஓட்டிச் சரக்குக் கொண்டுபோன எங்கள் முன்னோர் அந்தப் பாதைகளைக் காலால் அறிந்திருந்தார்கள், காகிதத்தில் வரைந்துவைக்கவில்லை. 1803இல் பிரித்தானியப் படை கலகெதரவிலும் கிரிஹாகமவிலும் இருந்த காவலரண்களைப் பிடித்துக்கொண்டே உள்ளே போயிற்று. 1815இல் இராச்சியமே போயிற்று. பிறகு அளவுச் சங்கிலி வந்தது.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடாமலும் கிடக்கும் நிலம் மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியது என்றது. கண்டிய மாகாணங்களின் சேனை நிலங்களுக்கும் சன்னஸ் போன்ற ஆதாரம் கேட்டது. சில வருடங்களுக்கு ஒருமுறை மட்டும் பயிரிட்டு, மற்ற வருடங்களில் நிலத்தை ஆறவிடும் கிராமத்தவனிடம் காகிதம் எங்கே இருக்கும்? நிலத்தைத் திட்டமாக அளந்தார்கள். கோப்பித் தோட்டங்களுக்காக விற்றார்கள்.

இதைப் படித்த நாளில் எனக்கு ஒரு கலக்கம் வந்தது. நான் பாசியைச் சுரண்டி, கையால் தடவி மகிழ்கிற இந்தக் கற்களை நாட்டிய திணைக்களம்தானே அந்த விற்பனைக்கும் அளந்தது? அந்த அளவுகளில் பிழை இருந்ததென்று சொல்ல என்னிடம் எதுவுமில்லை. ஒரு துண்டு நிலத்தின் ஏக்கரும் ரூட்டும் பேர்ச்சும் சரியாகவே இருக்கலாம். அளவு உண்மையாக இருக்க, காரியம் அநியாயமாக இருக்க முடியும் என்றால் அளந்தவனின் பொறுப்பு எங்கே தொடங்குகிறது? கல் குற்றவாளியா?

கல் குற்றவாளி அல்ல என்பது என் எண்ணம். தன்னைக் கேட்பவருக்குத் தான் நிற்கும் இடத்தை அது சொல்கிறது. காகிதம் இருக்கிறதா என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்டவர்களும், எத்தனை தலைமுறையாக இங்கே விதைக்கிறாய் என்று கேட்காமல் விட்டவர்களும் மனிதர்கள். உண்மையின் ஒரு பகுதியைச் சரியாகச் சொல்லி மறுபகுதியை வாய்க்குள் வைத்துக்கொள்வதில்தான் அநியாயம் குடியிருக்கிறது. இதை வெள்ளையர்மீது எழுதுவது எனக்கு எளிதாக இருந்தது. என் மீது எழுதுவதற்கு ஒரு சின்னப் பொய் தேவைப்பட்டது.

என்னிடம் ஒரு குறிப்பேடு உண்டு. போன மலை, திகதி, கல்லின் நிலை, கண்டோம் அல்லது காணவில்லை. போன வருடம் ஒரு விடுமுறையில் தரம் 9இல் படிக்கும் என் மகனோடு ஒரு மலைக்குப் போனேன். பாதி வழியில் மழை. அட்டைகள் காலைப் பிடித்தன. உச்சிக்குக் கொஞ்சம் கீழே பனிமூட்டம் இறங்கிவிட்டது. கைத்தொலைபேசி இன்னும் நாற்பது மீற்றர் என்று காட்டியது. அஸருக்கு முன் கீழே இறங்கவேண்டும் என்பதால் திரும்பினோம். வீட்டுக்கு வந்து குறிப்பேட்டில் "கண்டோம்" என்று எழுதினேன்.

ஏன் எழுதினேன் என்று இன்றும் சரியாகச் சொல்ல முடியவில்லை. பரிசு இல்லை, போட்டி இல்லை, அந்தக் குறிப்பேட்டை வேறு யாரும் வாசிப்பதும் இல்லை. அதற்குமுன் தொடர்ச்சியாக ஒன்பது கற்கள் கண்டிருந்தோம். பத்தாவது வரியில் "காணவில்லை" என்று எழுதக் கை வரவில்லை. நாற்பது மீற்றர்தானே, கல் அங்கே இருக்கத்தானே செய்யும் என்று மனம் சொல்லிக்கொடுத்தது.

மகன் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தான். "நாம கல்லக் காணல்லயே வாப்பா?"

"கிட்டப் போனோம்தானே" என்றேன்.

அவன் ஒன்றும் பேசவில்லை. பாடசாலையில் மாணவர் கணக்கின் விடையைப் பின்பக்கம் பார்த்து எழுதிவிட்டால் வழியைக் காட்டு என்று கேட்கிறவன் நான். அவன் என்னைப் பார்த்த பார்வை, பிடிபட்ட மாணவனை நான் பார்க்கும் பார்வையாக இருந்தது.

யாருக்கும் நட்டமில்லாத பொய் பாவமா என்ற கேள்வியை நம் உரையாடல்களில் அடிக்கடி கேட்கிறோம். அந்தப் பொய்யால் ஒருவருக்கும் ஒரு சதம் நட்டமில்லை. ஆனால் அன்றிரவு எனக்கு நித்திரை வராததற்கு அது காரணமல்ல. அந்தச் சின்னப் பொய் வேறொன்றின் வாலைப் பிடித்து இழுத்தது.

அதற்கு இரண்டு வருடம் முன்னால் வீட்டுக் கடனுக்காக எங்கள் வளவை அளப்பித்தேன். அளவையாளர் வேலை முடிந்து பிளேன்டி குடிக்கும்போது மெதுவாகச் சொன்னார்: "சேர், பழைய பிளேனுக்கும் இப்ப இருக்கிற வேலிக்கும் நாலடி வித்தியாசம். அடுத்த வளவுக்குள்ள போயிருக்கு. பத்து வருசம் தாண்டிட்டுத்தானே, உங்களுக்குப் பிரச்சினை வராது." அவர் சொன்னது சட்டம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சட்டம், பத்து வருடம் தடையின்றி எதிர் உரிமையோடு அனுபவித்தவனுக்கு இடம் கொடுக்கிறது. நாலடி அகலம், ஏறத்தாழ அறுபது மீற்றர் நீளம். மூன்று பேர்ச்சுக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் ஒரு கராம்பு மரம், இரண்டு கமுகு.

வேலி நகர்ந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. எனக்குப் பத்து வயதிருக்கும். மழையில் மண் சரிந்து வேலியும் மேல் மூலைக் கல்லும் கீழே வந்திருந்தன. நான் அலவாங்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாப்பா அங்கும் இங்கும் பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு "இங்கயே கிண்டு" என்றார். அவர் மறந்துதான் அந்த இடத்தைக் காட்டினாரா, தெரிந்து காட்டினாரா என்பதை அல்லாஹ்தான் அறிவான். காணியின் அடையாளங்களை மாற்றுகிறவன் சாபத்துக்குரியவன் என்ற கருத்தில் அலீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு. அதை நான் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது என் வளவு ஒருநாளும் ஞாபகத்துக்கு வந்ததில்லை.

நானாவிடம் சொன்னேன். அவர் கொதித்துப்போனார். "மவுத்தான மனுசனக் கள்ளனாக்கப் போறியா? சட்டமே எங்கட பக்கம் இருக்கு. ஊர் என்ன சொல்லும்?" இது சாதாரணமான கேள்வி அல்ல. உயிரோடிருக்கும் அயலவரின் ஹக்கா, பதில் சொல்ல முடியாமல் மண்ணுக்குள் இருக்கும் வாப்பாவின் மானமா? நம் சமூகத்தில் எத்தனையோ அநியாயங்கள் இரண்டாவதன் பெயரால்தான் மூடிவைக்கப்படுகின்றன. பெரியவர் செய்தது, பேசாதே என்கிறோம்.

நான் பல நாள் யோசித்தேன். ஜனாஸாவில் நாம் என்ன செய்கிறோம்? இவர் யாருக்காவது கடன் கொடுக்க வேண்டியிருந்தால் எங்களிடம் கேளுங்கள் என்று பிள்ளைகள் எழுந்து நின்று அறிவிக்கிறோம். அதைக் கேட்டு யாரும் மையித்தைக் கடன்காரன் என்று இகழ்வதில்லை. பிள்ளைகள் சுமையை இறக்குகிறார்கள் என்றே கொள்கிறார்கள். பணத்துக்கு இப்படி என்றால் நாலடி நிலத்துக்கு மட்டும் எப்படி வேறாகும்? கபுறின் தலைமாட்டில் நாம் நாட்டுகிற கல்லுக்கு மீஸான் என்று பெயர் வைத்திருக்கிறோம். அறபியில் அந்தச் சொல்லுக்குத் தராசு என்று பொருள். வாப்பாவின் மீஸான் கல்லை நானும் நானாவும் சேர்ந்துதான் நாட்டினோம். அதைக் கவனமாக, நூல் பிடித்து நாட்டினோம்.

அடுத்த வளவில் இருப்பவர் ஒரு சிங்களப் பெண்மணி. கணவர் இறந்துவிட்டார். சிறுவயதிலிருந்து நான் அவரை அக்கே என்றுதான் கூப்பிடுவேன். பிளேனை எடுத்துக்கொண்டுபோய் அவருடைய திண்ணையில் விரித்துக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். அதில் அவருக்கு என்ன விளங்கிற்று என்று தெரியவில்லை. பிறகு, "இத்தனை காலம் இல்லாமல் ஏன் இப்போது, சேர்?" என்றார். மலையில் காணாத கல்லைக் கண்டதாக எழுதினேன், அதனால் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? "இரண்டு வருடமாகத் தெரியும் அக்கே. சொல்லாமல் இருந்தேன்" என்றேன். அந்த ஒரு வாக்கியம், எந்த மலையேற்றத்தையும்விட என்னை மூச்சு வாங்க வைத்தது.

கொழும்பில் வேலை செய்யும் அவருடைய மகன் ஒரு போயா விடுமுறையில் வந்தார். அளவையாளரை மறுபடி அழைத்து, கயிறு பிடித்து, கல்லை நகர்த்தினோம். என் மகன்தான் அலவாங்கைப் பிடித்தான். கராம்பு மரம் அந்தப் பக்கம் போயிற்று. வாப்பா நட்ட மரம். உம்மா அன்று முழுவதும் குசினியை விட்டு வெளியே வரவில்லை. நானா மூன்று மாதமாக என்னோடு சரியாகப் பேசுவதில்லை. நல்லதைச் செய்தால் மனம் நிம்மதியடையும் என்று பாடப்புத்தகங்களில் எழுதுகிறோம். எனக்குக் கிடைத்தது முழு நிம்மதி அல்ல. உம்மாவின் முகத்தைப் பார்க்கும்போது வேறு வழியில் சொல்லியிருக்கலாமோ என்று இன்னும் தோன்றுகிறது. ஆனால் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

மலையுச்சிக் கற்களின் காலம் முடிந்துவிட்டது என்பார்கள். 1999ஆம் ஆண்டின் பெயரால் வழங்கும் புதிய ஆள்கூற்று முறை செய்மதி அளவீட்டின்மேல் எழுந்தது. இன்று அளவையாளர் மலையேறாமலே தன் இடத்தை அறிந்துகொள்கிறார். அப்படியானால் இந்தக் கற்களைப் போய்ப் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் என் பதில் இதுதான். உச்சியில் நிற்கும் கல் தன் பக்கத்தில் நிற்பவனுக்காக நாட்டப்பட்டதல்ல. எத்தனையோ மைலுக்கு அப்பால், வேறொரு உச்சியில் நின்று இதைப் பார்த்துக் கணக்கிடப்போகும், ஒருநாளும் சந்திக்காத மனிதனுக்காக நாட்டப்பட்டது. அது ஒரு அடி நகர்ந்தால் இங்கே ஒன்றும் தெரியாது, பிழை அங்கேதான் போய்ச் சேரும். நாம் தனியாக, சாட்சியில்லாமல் செய்கிறவையும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். என் வாப்பா நின்று யோசித்த அந்தச் சில விநாடி முப்பது வருடத்துக்கு மேல் கடந்து என் மகனின் கையில் அலவாங்காக வந்தது. நான் "கண்டோம்" என்று எழுதிய வரி எங்கே போய்ச் சேர்ந்திருக்கும்?

குறிப்பேட்டில் அந்தச் சொல்லை ஒற்றைக் கோட்டால் வெட்டி, பக்கத்தில் "காணவில்லை" என்று எழுதித் திகதி போட்டேன். அழிப்பானால் அழிக்கவில்லை. பிழையும் தெரிய வேண்டும், திருத்தமும் தெரிய வேண்டும் என்று மாணவருக்குச் சொல்வதைத்தான் செய்தேன். மகன் பார்த்துவிட்டு, "அடுத்த லீவுக்குப் போவமா?" என்றான். பிறகு இரண்டு விடுமுறைகள் போய்விட்டன, ஒன்று மழை, ஒன்று பரீட்சை. அந்தக் கல்லை இன்னும் நாங்கள் காணவில்லை.